வாய் மட்டும் வெட்டட்டும்: மடக்குக்கத்தியைக் கைக்கு இதமாக்குதல்

மடக்குக்கத்தியில் வெட்ட வேண்டிய இடம் ஒன்றுதான்: அலகின் வாய். முதுகு, பிடியின் ஓரம், பூட்டுத் தகடு, சட்டைப்பைக் கிளிப் ஆகிய எதுவும் கையைக் கிழிக்கவோ கன்ற வைக்கவோ கூடாது. ஆனால் கடையிலிருந்து வரும் கத்திகளில் பல, விலை கூடியவையும்கூட, இந்தக் கடைசி வேலை முடியாமலே வருகின்றன. அந்த மிச்ச வேலையை வீட்டு மேசையிலேயே முடிப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது.

விளிம்பு ஏன் கூராக நிற்கிறது? எஃகுத் தகட்டிலிருந்து அலகை அச்சில் வெட்டி எடுப்பார்கள், அல்லது லேசரால் அறுப்பார்கள். பக்கமும் முதுகும் சந்திக்கும் இடம் செங்கோணமாக அமைந்துவிடும். அதை உருட்ட ஒவ்வொரு கத்தியையும் தனியாகக் கையில் எடுக்க வேண்டும். நேரம் கூடும், விலையும் கூடும். அதனால் ஆலைகள் வாயைத் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இதை வெறும் சொகுசு வேலையாக எண்ண வேண்டாம். கட்டைவிரலை முதுகில் ஊன்றிக் கம்பு சீவும்போது நாம் கொடுக்கும் விசை முழுவதும் மெல்லிய ஒரு கோட்டின் வழியாகத்தான் விரலில் இறங்குகிறது. சிறிது நேரத்தில் தோல் சிவந்து வலிக்கும். வலிக்கும் கை பிடியைத் தளர்த்தும், அல்லது கத்தியைக் கோணலாக மாற்றிப் பிடிக்கும். கத்தி தவறுவது பெரும்பாலும் அப்போதுதான். விளிம்பை உருட்டினால் அதே விசை அகலமான பரப்பில் பரவும். பிடி உறுதியாக நிற்கும், வெட்டு நாம் நினைத்த இடத்தில் விழும்.

எங்கெல்லாம் உறுத்தும்

ஒவ்வொரு கத்திக்கும் உறுத்தும் இடம் வேறு. பொதுவாகத் தேட வேண்டிய இடங்கள் இவை:

- முதுகின் இரு விளிம்புகள். கட்டைவிரல் ஊன்றும் இடம். மிகுதியான புகார் இங்கேதான் வரும்.
- முதுகில் வெட்டிய பற்கள். விரல் வழுக்காமலிருக்கச் சில கத்திகளில் குறுக்குக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் உச்சிகள் ரம்பம்போல் கூராக இருப்பதுண்டு.
- அலகின் அடிமூலை. வாய் முடிந்து பிடி தொடங்கும் இடத்திலுள்ள மூலை. ஆள்காட்டி விரல் சற்று முன்னே நகர்ந்தால் இது கீறும்.
- நகப்பள்ளம். அலகைத் திறக்க நகத்தை மாட்டும் பள்ளம். இதன் மேல்விளிம்பில் பிசிறு இருந்தால் நகம் உடையும்.
- உள்தகடுகள். பிடியின் பக்கப் பலகைகளுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள். இவை பலகையைவிடத் தலைமுடி அளவு வெளியே நின்றாலும் உள்ளங்கையில் கோடு விழும்.
- பக்கப் பலகைகளின் ஓரம். ஜி10, மைகார்டா போன்ற பிசின் பலகைகளை இயந்திரத்தில் தட்டையாக வெட்டியபடியே விட்டிருப்பார்கள்.
- பூட்டை விடுவிக்கும் இடம். கட்டைவிரல் தகட்டைத் தள்ளும் விளிம்பு.
- கிளிப்பின் வளைந்த நுனி. இறுக்கிப் பிடிக்கும்போது மோதிரவிரலின் அடியில் குத்தும்.
- பிடியின் பின்முனை. கத்தியை அழுத்திக் குடையும்போது உள்ளங்கையின் நடுவில் பதியும்.

உருட்டாத விளிம்பு மலிவான கத்திகளின் குறை மட்டுமல்ல. 1964இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற பக் 110 கத்தியின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் பித்தளைப் பூண்களின் ஓரம் சதுரமாகவே இருந்தது. பின்னாளில்தான் உருட்டப்பட்டது. பித்தளை மென்மையானது என்பதால் பழைய கத்தி வைத்திருந்தவர்கள் தாங்களே அரத்தால் உருட்டிக்கொள்ளவும் முடிந்தது.

கையிடம் கேளுங்கள்

எந்த விளிம்பையும் பார்த்தவுடன் அரத்தை எடுக்க வேண்டாம். கண்ணுக்குக் கூராகத் தெரியும் பல இடங்கள் கையில் படவே படாது. முதலில் கத்தியை வேலைக்கு விடுங்கள். தடித்த அட்டைப்பெட்டி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டுங்கள், அல்லது காய்ந்த வேப்பங்குச்சி ஒன்றைக் கால்மணி நேரம் சீவுங்கள். பிறகு கையைத் திறந்து பாருங்கள். சிவந்த கோடுகளும் பள்ளங்களும் எங்கே விழுந்திருக்கின்றனவோ, கத்தியில் அதற்கு நேரான இடங்களில் மார்க்கர் பேனாவால் குறியிடுங்கள். திருத்த வேண்டியது அந்த இடங்களை மட்டும்.

அடுத்தது பிசிறுச் சோதனை. சிறிதளவு பஞ்சை எடுத்து அலகின் வாயைத் தவிர மற்ற எல்லா ஓரங்களிலும் மெல்லத் தேய்த்துச் செல்லுங்கள். பிசிறு உள்ள இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். விரல் உணராத முள்ளைக்கூடப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும்.

தேவையானவை

- வாட்டர் பேப்பர்: 320, 400, 600, 800, 1000 நம்பர்களில் ஒவ்வொரு தாள். வண்டிப் பெயிண்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.
- மரப்பிடிக்கு 180, 240 நம்பர் உப்புத்தாள்.
- வைரத்தூள் பூசிய ஊசி அரங்கள்: தட்டை, அரைவட்டம், உருண்டை.
- மாஸ்கிங் டேப், தடித்த அட்டை, சிறிய மரத்துண்டு அல்லது அழிரப்பர்.
- உங்கள் கத்தியின் திருகுகளுக்குச் சரியான நட்சத்திரமுனை ஸ்க்ரூடிரைவர். கிளிப் திருகுகளுக்கு டி6, அலகு சுழலும் அச்சின் திருகுக்கு டி8 அல்லது டி10 பல கத்திகளில் பொருந்தும்.
- முகக்கவசம், கண்ணாடி, பழைய துணி, மெல்லிய எண்ணெய்.

வைரத்தூள் அரம் ஏன் வேண்டும்? மடக்குக்கத்தி அலகுகளின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 62 வரை இருக்கும். சாதாரண எஃகு அரத்தின் கடினம் அதைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. ஆகவே அது அலகில் வழுக்கும், விரைவில் தானே மழுங்கும். உள்தகடும் பித்தளையும் மென்மையானவை, அவற்றுக்குச் சாதாரண அரம் போதும்.

கைக்கருவி போதும், இயந்திரம் வேண்டாம். சுழலும் கல்லும் பட்டையும் மெல்லிய அலகை நொடியில் சூடாக்கிவிடும். கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். ஆலையில் ஏற்றிய பதம் அதற்குள் இறங்கியிருக்கும். முதுகில் தொடங்கிய சூடு வாய்வரை போனால், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் தேய்க்கும்போது இந்த ஆபத்து இல்லை. மேலும், கை மெதுவாகத்தான் உலோகத்தை எடுக்கும் என்பதால் தவறு பெரிதாவதற்கு முன் நிறுத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்

கத்தியின் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். அரம் பட்ட கத்திக்குப் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை. தாத்தா காலத்துக் கத்தியோ சேகரிப்பு மதிப்புள்ள கத்தியோ என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, தினமும் புழங்கும் கத்தியில் வேலை செய்யுங்கள்.

கருப்புப் பூச்சு உள்ள அலகில் எங்கே தேய்த்தாலும் அங்கே பூச்சு போய் வெள்ளை எஃகு தெரியும். அந்த இடம் துருவுக்குத் திறந்த வாசல். அழகும் துருக்காப்பும் குறையும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

நெருப்புக்கோலைக் கத்தி முதுகால் உரசித் தீப்பொறி எழுப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பொறி எழுவதற்குக் கூரான செங்கோண விளிம்பு வேண்டும். கட்டைவிரல் படும் பின்பகுதியை மட்டும் உருட்டி, நுனிப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டரை ஆலை விட்டபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகை உருட்டுதல்: ஓபினெல் 8

பழகுவதற்கு ஏற்ற கத்தி ஓபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் உருவாக்கியது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வந்தது. அவற்றுள் 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம். 1955இல் மார்செல் ஓபினெல் விரோப்ளாக் என்ற சுழலும் வளையப் பூட்டைச் சேர்த்தார். 2000க்குப் பின் வந்த வளையம் கத்தியை மூடிய நிலையிலும் பூட்டும். அலகு, பீச் மரப்பிடி, ஓர் அச்சு, வளையங்கள் என்று எளிய அமைப்பு. அலகு மெல்லியது, முதுகின் விளிம்புகள் கூரானவை. கொஞ்சம் தேய்த்தாலே மாற்றம் கையில் தெரியும்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. மடக்கிய நிலையில் வாய் பிடியின் பள்ளத்துக்குள் மறைந்துவிடும், முதுகு மட்டும் வெளியே நிற்கும். ஆகவே முதுகு வேலையின் பெரும்பகுதியைக் கத்தியைத் திறக்காமலே முடிக்கலாம். மடக்குக்கத்திகள் பலவற்றுக்கும் இந்த வழி பொருந்தும்.

1. அலகை மடக்கி வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள். மூடிய நிலையில் பூட்டாத பழைய கத்தியானால் நுனிப்பக்கம் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள்.
2. முதுகின் இருபுறமும் மரத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிடியில் கீறல் விழாது, எஃகுத்தூளும் மரத்தில் ஏறாது.
3. 320 நம்பர் தாளை மரத்துண்டில் மடித்துச் சுற்றுங்கள். விளிம்புக்கு 45 டிகிரி சாய்வாகப் பிடித்து, அச்சுப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி நீளவாட்டில் தேய்த்துச் செல்லுங்கள். ஒரு பக்கம் பத்து இழுப்பு என்றால் மறுபக்கமும் பத்து. எண்ணிக்கை மாறினால் முதுகு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.
4. அழுத்த வேண்டாம். மடக்கிய அலகை உள்நோக்கி அழுத்தினால் வாய் பள்ளத்தின் அடியில் மோதி மழுங்கக்கூடும். முதுகில் வில் வைத்த பழைய பாணிப் பேனாக்கத்திகளில் வாய் போய் முட்டுவது எஃகில், அங்கே சேதம் பெரிது.
5. செங்கோணம் போனதும் அதன் இடத்தில் இரண்டு மழுங்கிய மூலைகள் தெரியும். இப்போது 400 நம்பர் தாளை விரலகலப் பட்டையாகக் கிழித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் முதுகின் குறுக்கே மாறிமாறி இழுங்கள். மூலைகள் கரைந்து முதுகு வளைவாகும்.
6. 600, 800 தாள்களில் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு தாளும் முந்திய தாளின் கோடுகள் மறையும்வரை. பளபளப்பு வேண்டுமானால் 1000.
7. டேப்பை எடுத்து, தூளைத் துணியால் துடைத்து, பஞ்சால் சோதியுங்கள்.

வளையத்துக்கு அருகிலுள்ள சிறு பகுதிக்கு மட்டும் கத்தியைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்து பூட்டியபின், தடித்த அட்டையை இரண்டாக மடித்து வாயின்மேல் உறையாகப் போட்டு, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். அலகை மரப்பலகையின் மேல் படுக்கவைத்து, நீளவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். கை வாயை நோக்கி நகரும் எந்த அசைவும் கூடாது.

எவ்வளவு உருட்டுவது? அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளைவு போதும். முழுவட்டமாக்கினால் கட்டைவிரலுக்கு ஊன்ற இடமில்லாமல் பக்கவாட்டில் வழுக்கும். விளிம்பு விரலில் கோடு போடுவதை நிறுத்திய உடனே தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.

மரப்பிடியைத் திருத்துதல்

ஓபினெலின் பிடி உருண்டையாக இருந்தாலும் அதன் பின்முனை சாய்வாக வெட்டப்பட்டு, ஓரம் சற்றுக் கூராக நிற்கும். 180 நம்பர் உப்புத்தாளால் அந்த ஓரத்தை மட்டும் உருட்டி, 240, 400 என்று மெருகேற்றுங்கள். மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

அலகு பதியும் பள்ளத்தின் இரு உதடுகளும் விரல்களில் படும் இடம். அவற்றின் கூர்மையை 240 தாளால் இரண்டு மூன்று இழுப்பில் தட்டிவிடுங்கள். பள்ளத்துக்குள் தாளை விட்டு அகலப்படுத்தக் கூடாது, அலகு ஆடத் தொடங்கும்.

பிறகு ஈரத்துணியால் பிடியை ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். அமுங்கியிருந்த மர இழைகள் எழுந்து சொரசொரப்பாகும். 400 தாளால் அவற்றை எடுத்துவிட்டால், பின்னாளில் கை வியர்வை பட்டாலும் பிடி சொரசொரக்காது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்தப் படியைத் தவிர்க்கவே வேண்டாம்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய். துணியில் சில துளி விட்டு மெல்லிதாகத் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. பழம் நறுக்கும் கத்தியானால் உலர்த்தி சேர்க்காத தூய எண்ணெயையே வாங்குங்கள், அது காயப் பல நாள் எடுக்கும். அச்சுப் பக்கம் எண்ணெயோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம். மரம் உப்பினால் அலகு இறுகி, திறப்பதே பெரும்பாடாகும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து, முழுக்கக் காய்ந்தபின்தான் எறிய வேண்டும்.

ஜி10, மைகார்டா, உலோகப் பிடிகள்

ஜி10 என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்த்து இறுக்கிய பலகை. அதன் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் கேடு. கார்பன் இழைப் பிடிகளும் அப்படியே. எனவே பலகைகளைக் கழற்றி, தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் மட்டும் தேயுங்கள். ஈரத்தில் தூள் பறக்காது. முகக்கவசம் அப்போதும் வேண்டும். சமையலறையில் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள்.

400 தாளில் தொடங்கி, ஓரங்களை மட்டும் உருட்டி, 800இல் முடித்தால் போதும். தேய்த்த இடம் வெளுத்துத் தெரியும். ஒரு துளி எண்ணெய் தடவினால் நிறம் பெருமளவு திரும்பிவிடும். பக்கப் பரப்பின் சொரசொரப்பைத் தொடாதீர்கள், ஈரக்கையில் பிடி நழுவாமல் காப்பது அதுதான்.

உள்தகடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கத்தியைப் பிரிக்காமலேயே, தட்டை அரத்தால் நீட்டிய தகட்டை மட்டும், பலகையோடு சமமாகும்வரை நீளவாட்டில் ராவுங்கள். உலோகத்தூள் உள்ளே போகாமல் பிடியின் திறப்பை டேப்பால் அடைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுப் பற்களின் உச்சியை 600 தாளால் சில இழுப்புகள் தடவினால் போதும். பள்ளங்கள் அப்படியே இருக்கட்டும். பற்களின் வேலை விரலைப் பிடித்து நிறுத்துவது, விரலை அறுப்பது அன்று.

கிளிப் உறுத்தினால் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் புழங்கிப் பாருங்கள். மறுபக்கம் மாற்ற வசதியிருந்தால் மாற்றிப் பாருங்கள். பிறகும் தேவையென்றால் நுனியை மட்டும் அரத்தால் உருட்டுங்கள். திருகு அசையாவிட்டால் முறுக்க வேண்டாம். ஆலையில் பசை வைத்திருப்பார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கினால் இளகும். பொருந்தாத முனையைப் போட்டு முறுக்கித் தலையைச் சிதைத்துவிட்டால் அந்தத் திருகை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

டைட்டானியம் பிடியில் அரவேலை சுலபம். ஆனால் அதன் மெல்லிய தூள் தீப்பற்றும். பக்கத்தில் சாணைப்பொறியோ பீடி, சிகரெட்டோ கூடாது. மின்முறையில் ஏற்றிய நிறம் தேய்த்த இடத்தில் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரம் படவே கூடாத இடங்கள்

- பூட்டுத் தகட்டின் நுனிமுகமும், அது போய் முட்டும் அலகின் அடிமுகமும். இவற்றின் கோணம் இம்மி மாறினாலும் வேலைநேரத்தில் கத்தி கையின் மேல் மடங்கும். பூட்டை விடுவிக்கக் கட்டைவிரல் படும் பக்க விளிம்பை மட்டும் 600 தாளால் தடவலாம்.
- சட்டகமே பூட்டாக அமைந்த கத்திகளில், தகடு வளைவதற்காக மெலிதாகக் குடைந்த இடம். அங்கே மேலும் மெலிந்தால் பூட்டின் விறைப்பு போய்விடும்.
- அலகு வந்து முட்டி நிற்கும் நிறுத்து ஊசியும் அது தொடும் இடங்களும்.
- வில் வைத்த பேனாக்கத்திகளில் அலகின் அடியிலுள்ள சிறு மேடு. மூடும்போது வாய் வில்லில் மோதாமல் தாங்குவது அது. அடிமூலை கீறுகிறது என்று இதை ராவிவிடக் கூடாது.
- ஓபினெலின் வளையத்தில் அலகு முட்டும் முகம். வளையத்தின் வெளி ஓரத்தில் பிசிறிருந்தால் மட்டும் மெல்ல எடுங்கள்.

சந்தேகம் வந்தால் கத்தியை மிக மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் ஒன்றோடொன்று உரசும், முட்டும் பரப்புகள் எல்லாம் தொடக்கூடாதவை. கையை மட்டும் தொடும் பரப்புகள் நமக்குரியவை.

முடித்தலும் சோதனையும்

அலகைத் திறந்து அச்சுப் பகுதியைச் சிறு பிரஷ்ஷால் தட்டுங்கள். உள்ளே தங்கிய எஃகுத்தூள் அச்சைத் தின்னும். அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டு, சில முறை திறந்து மூடி, கசிந்து வரும் கருப்பைத் துடையுங்கள். தேய்த்த முதுகில் எஃகு புதிதாக வெளிப்பட்டிருக்கும். கார்பன் எஃகு அலகானால் அன்றே எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் செந்நிறப் புள்ளிகள் தெரியும்.

பிறகு பூட்டைச் சோதியுங்கள். அலகைத் திறந்து பூட்டி, அலகு மடங்கும் பாதையில் விரல்கள் வராதபடி பிடித்து, முதுகை மரப்பலகையில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினாலோ முன்னில்லாத ஆட்டம் தெரிந்தாலோ அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால் முதலில் செய்த அதே வேலையை, அதே அட்டையையோ குச்சியையோ கொண்டு, அதே நேரம் செய்து கையைப் பாருங்கள். சிவப்பு இருந்த இடம் மறைந்து வேறோர் இடத்தில் புதிதாகத் தெரியலாம். பெரிய வலி அதுவரை சிறிய வலியை மறைத்திருந்தது என்று பொருள். ஒரு வாரம் புழங்கியபின் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்துங்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, எடுக்காத உலோகத்தை என்று வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கை வலித்தால் அலகின் வாயைப் பாருங்கள். மழுங்கிய வாய் அதிக விசை கேட்கும். அந்த விசை முழுவதும் முதுகின் வழியாகவும் பிடியின் வழியாகவும் நம் கையில்தான் திரும்பி இறங்கும். எவ்வளவு உருட்டிய விளிம்பும் அப்போது உறுத்தும். அதனால் இந்த வேலையின் கடைசிப் படி தீட்டுக்கல்லில் நடக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதைப் பார்ப்போம்.